எடைக்குப் போகும் வரலாறு: கரிசல் நகரங்களைப் பற்றிய ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் போன்ற கரிசல் ஊர்களைப் பற்றிப் படித்தோரிடையே வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு: மதுரைக்கும் தஞ்சைக்கும் காஞ்சிக்கும் இருப்பதுபோல் இவ்வூர்களுக்கு வரலாறு கிடையாது; வானம் பார்த்த பூமியில் வேறு வழியின்றி வணிகத்தையும் தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சையும் பற்றிக்கொண்டு முன்னேறிய உழைப்பாளிகளின் ஊர்கள் இவை; பாதுகாக்கத்தக்க பழம்பொருள் என்று இங்கே ஏதுமில்லை; தப்பித்தவறி ஏதேனும் கிடைத்தாலும் அதைச் சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பிவிடுவதே அதற்குப் பாதுகாப்பு. இது வெளியூராரின் அறியாமையாக மட்டும் இருந்திருந்தால் விரிவான மறுப்பு தேவைப்பட்டிராது. இவ்வூர்களின் கல்விமான்களும் வணிகப் பெருமக்களுமே தம் ஊரைப் பற்றி இப்படி நம்புகிறார்கள் என்பதும், அந்த நம்பிக்கையின் பேரில் தொழில் கைமாறும்போதும் வீடு இடித்துக் கட்டப்படும்போதும் பழைய கணக்கேடுகளும் அச்சுத்தாள்களும் எடைக்குப் போடப்படுகின்றன என்பதுமே இக்கருத்தை அடியோடு மறுக்க வேண்டிய கடமையை உண்டாக்குகின்றன.

முதலில் தொன்மை பற்றிய கூற்றை எடுத்துக்கொள்ளலாம். இன்று சிவகாசி மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட திருத்தங்கல், சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் என்பவனின் கதை நிகழும் ஊர். குற்றமற்ற ஒருவனைச் சிறைப்படுத்திய பிழைக்காகப் பாண்டியன் வருந்திய செய்தி அங்கே சொல்லப்படுகிறது. சங்கப் பாடல்கள் சிலவற்றை இயற்றிய தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரின் ஊர் இத்திருத்தங்கலே என்பது அறிஞர் பலரின் துணிபு. கைத்தொழில் செய்த ஒருவர் புலவராகவும் விளங்கியதற்கு அப்பெயரே சான்று. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டு தொடங்கி அடுத்தடுத்த கட்டங்களாக நடத்திய அகழாய்வில் நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், பொன்னாலான அணிகலன் துணுக்குகள் என ஆயிரக்கணக்கான பொருட்கள் வெளிப்பட்டன. மூவரைவென்றானிலும் செவல்பட்டியிலும் பாண்டியர் காலக் குடைவரைகள் நிற்கின்றன. கரிசலுக்குத் தொன்மை இல்லை என்பவர், கரிசலில் எவரும் தோண்டாமல் இருந்த காலத்தின் முடிவையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆயினும் இந்த விடை மட்டும் போதாது. இதோடு நின்றுவிடும் மறுப்பு, எதிர்த்தரப்பின் அளவுகோலையே ஏற்றுக்கொண்டதாகிவிடும். பழமையானதே பாதுகாக்கத்தக்கது, அரசர் செய்ததே வரலாறு, கல்லும் பொன்னும் செம்புமே அரும்பொருள் என்னும் அளவுகோல்தான் இங்கே உண்மையான பிழை. விருதுநகரும் சிவகாசியும் இன்றைய வடிவைப் பெற்றது பெரும்பாலும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில். அந்த வடிவைக் கொடுத்தவர்கள் அரசர்களல்லர். அவர்கள் எழுதிவைத்தது கல்லிலுமன்று. தானியக் கடையின் பேரேடு, உறவின்முறையின் வரவு செலவுக் குறிப்பு, தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள், அச்சகத்தின் மாதிரித் தாள், பட்டாசுக் கட்டின் மேலுறை, வேலைக்கு வந்தோரின் வருகைப் பதிவேடு ஆகியவற்றில்தான் இவ்வூர்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. தூக்கியெறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருட்களில் தன் வரலாற்றை எழுதிய ஊருக்குக் கோயில் நகரத்தைக் காட்டிலும் பாதுகாப்பு விரைவாகத் தேவைப்படுகிறது. கல்வெட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும், காகிதம் காத்திருக்காது.

சட்டத்தின் பார்வையும் இந்தப் பிழைக்குத் துணைபோகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், குறைந்தது நூறாண்டு கடந்த பொருளையே தொல்பொருள் என வரையறுக்கிறது. வரலாற்று, இலக்கிய, அறிவியல், அழகியல் மதிப்புடைய கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் எழுபத்தைந்து ஆண்டு போதும் என்கிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பி, ஊரில் அத்தொழிலைத் தொடங்கியது 1923-ஆம் ஆண்டில். விருதுபட்டி என்னும் பெயரை நகராட்சி மன்றம் விருதுநகர் என மாற்றியதும் அதே ஆண்டில்தான். ஆகவே சிவகாசியின் முதல் தீப்பெட்டி லேபிள் சட்டத்தின் கண்ணுக்கு அண்மையில்தான் தொல்பொருளாகத் தகுதி பெற்றது. 1940-களில் வேரூன்றிய பட்டாசுத் தொழிலின் தொடக்க கால மேலுறை எதுவும் இன்னும் அத்தகுதியைப் பெறவில்லை. நூறாண்டு ஆகும்வரை ஒரு பொருள் குப்பை, ஆனபின் செல்வம் என்னும் கணக்கு, மரத்தால் ஆன பெட்டிக்கும் வெண்கலச் சிலைக்கும் பொருந்தலாம். மலிவுக் காகிதத்தில் அடிக்கப்பட்ட லேபிளுக்குப் பொருந்தாது. மரக்கூழால் செய்யப்பட்ட மலிவுத் தாளில் தங்கிவிடும் அமிலம் அதனை உள்ளிருந்தே பழுப்பாக்கி நொறுக்குகிறது. எஞ்சியதைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்கின்றன.

லேபிளில் அப்படி என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்பவர், அது செய்த வேலையை நினைத்துப்பார்க்க வேண்டும். எழுத்தறியாத வாங்குபவர் கடையில் படத்தைக் காட்டியே தீப்பெட்டி கேட்டார்; ஆகவே விலங்கு, தெய்வம், தலைவர், மிதிவண்டி, விளக்கு என எந்தப் படத்தை எந்த ஊர்ச் சந்தைக்கு அனுப்புவது என்பதை உற்பத்தியாளர் கணித்துத் தெரிந்தெடுத்தார். அந்தச் சிறு தாள் அக்கால மக்களின் விருப்பத்தையும் நம்பிக்கையையும் அரசியலையும் ஒருங்கே பதிந்துவைத்த சான்று. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டபின் வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட வரித்தாள், வெளிநாட்டு மூலதனத்தோடு இயங்கிய இயந்திர ஆலைகளுக்கும் கையால் செய்த சிற்றாலைகளுக்கும் இடையே நடந்த நெடும்போட்டியில் அரசின் கை எங்கே இருந்தது என்பதற்கு ஆவணம். இதே சிவகாசியின் அச்சகங்கள் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கவிட்ட நாட்காட்டிப் படங்களையும், அவற்றுக்கு வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களையும் ஆராய்ந்து கஜ்ரி ஜெயின் எழுதிய நூல் 2007-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கடல் கடந்த பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குரியதாகக் கண்ட பொருளை, அது பிறந்த ஊர் இன்னும் பழைய பேப்பராகவே காண்பது வருந்தத்தக்கது.

அச்சுத்தொழிலின் இயல்பே மறதிக்கு இடம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க கால அச்சகங்கள் கையாண்ட கல்லச்சு முறையில், மென்மையான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் இடவலம் மாற்றி வரையப்படும். கல்லை நீரால் நனைத்தால், வரைந்த கோடுகள் மட்டும் நீரை விலக்கி அச்சுமையைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல். தேவையான படிகள் அடித்து முடிந்ததும் கல்லின் முகத்தைத் தேய்த்து, அடுத்த படத்துக்கு அதையே பயன்படுத்துவர். முந்தைய ஓவியனின் கைவேலை அழிந்த இடத்தில்தான் அடுத்தவனின் வேலை தொடங்கியது. துத்தநாகத் தகடும் பின்னர் ஆப்செட்டும் வந்தபோது கற்களும் வேலையிழந்தன. எனவே அன்றைய ஓவியத்துக்கு எஞ்சிய ஒரே சான்று அச்சான தாள். அதையும் இழந்தால் ஒரு முழுத் தலைமுறையின் கைத்திறன் இருந்த சுவடே இன்றிப் போய்விடும்.

விருதுநகரின் செல்வம் வேறு வகையானது. பருத்தியும் மிளகாயும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் கைமாறிய அந்தச் சந்தையில், விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாமே விதித்துக்கொண்டு பொதுநிதிக்குச் செலுத்திய பங்குக்கு மகமை என்று பெயர். வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்கான பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் அந்த நிதியிலிருந்து எழுந்தன. அதனை ஆண்டது உறவின்முறை எனப்படும் சமூக மன்றம். காமராசர் பயின்ற, 1889-இல் தோன்றிய சத்திரிய வித்யாசாலைப் பள்ளிக்கு வீடுதோறும் நாளுக்கொரு பிடி அரிசி ஒதுக்கப்பட்ட செய்தி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் மீண்டும் மீண்டும் வருவது. அரசின் உதவியின்றி ஒரு சமூகம் தனக்குத்தானே வரிவிதித்துக் கல்வி கண்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்றில் மகமைக்குப் பெரிய இடம் கொடுத்ததும் அதனால்தான். ஆனால் பிடி அரிசியைப் பற்றிய புகழுரை மேடைதோறும் கேட்கிறது. எந்த ஆண்டில் எத்தனை மூட்டைக்கு எவ்வளவு மகமை வசூலாயிற்று, அது எதற்குச் செலவாயிற்று என்று காட்டும் ஏடுகளைப் பேணுவது பற்றிய பேச்சு எந்த மேடையிலும் எழுவதில்லை. கணக்கேடு இல்லாத புகழ் நாளடைவில் கதையாகிவிடும்.

பாதுகாப்பை எதிர்ப்போர் சிலர் இன்னொரு காரணம் கூறுவர்: இவ்வட்டாரத்தின் கடந்தகாலம் சாதிப் பூசல் நிரம்பியது, அதைக் கிளறினால் ஆறிய புண் மீண்டும் சீழ்வைக்கும், மறந்துவிடுவதே நல்லது. 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசியின் மீது நடந்த பெருந்தாக்குதலும், கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் முடிந்ததும் இவ்வட்டார நினைவில் ஆழப் பதிந்தவை. எனினும் ஆவணம் மறைந்தால் நினைவும் மறைந்துவிடும் என்று எண்ணுவது பெரும்பிழை. ஆவணம் மறைந்த இடத்தை வதந்தியும் தற்பெருமையும் வஞ்சமும் நிரப்பிக்கொள்கின்றன. யார் தாக்கினர், யார் அடைக்கலம் கொடுத்தனர், யார் எதை இழந்தனர் என்பதை அவரவர் தரப்பு அவரவர் வசதிக்கேற்ப வளர்த்துக்கொள்கிறது. பூமணி அந்தக் கலவரங்களையே களமாகக் கொண்டு எழுதி 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அஞ்ஞாடி என்னும் நாவல், அக்கொடுமைகளைப் பகை வளர்க்காமல் முழுமையாகப் பேச முடியும் என்பதைக் காட்டிவிட்டது. இலக்கியம் துணிந்து செய்ததை ஆவணக் காப்பகம் செய்ய அஞ்ச வேண்டியதில்லை. அதே வேளையில், ஒரு சமூகத்தின் ஏற்றத்தை மட்டும் சொல்லும் காப்பகம் பாதி உண்மையையே காக்கும். வணிகரின் பேரேட்டுக்குப் பக்கத்தில் பருத்தி விளைவித்த குடியானவரின் கடன்சீட்டும், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய பெண்களின் கூலிக்கணக்கும், எல்லாச் சாதியினரின் வாய்மொழியும் இருந்தாக வேண்டும்.

பிழைப்பே போராட்டமாக இருக்கும் ஊரில் அருங்காட்சியகம் ஆடம்பரம் என்னும் வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். பட்டாசுக்கு எதிரான வழக்குகளும், 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்த கட்டுப்பாடுகளும் தொழிலையே உலுக்கும் காலத்தில் பழந்தாளுக்கு என்ன அவசரம் என்று அவ்வாதம் கேட்கிறது. உண்மையோ இதற்கு நேர்மாறானது. ஆவணங்கள் மிகுதியும் தேவைப்படுவது உழைப்போருக்கே. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் வேலைக்கு வைத்தவர் இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. அத்தீர்ப்புக்குப் பின்னே இருந்த ஒரு தலைமுறையின் குழந்தைப்பருவத்தை இன்று எந்தப் பொருளைக் கொண்டு இளையோருக்கு எடுத்துக்காட்ட இயலும்? 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்தும், அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவையும் செய்தித்தாளின் ஒருநாள் தலைப்பாக முடிந்துபோகின்றன. எந்த ஆண்டில் எந்த ஊரில் எந்தக் காரணத்தால் எத்தனை உயிர் போயிற்று என்ற தொடர்பதிவு உள்ளூரிலேயே பேணப்பட்டால், அது இறந்தோருக்கு நினைவிடமாகவும் இருப்போருக்குப் பாதுகாப்புப் பாடமாகவும் அமையும். லண்டனில் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-இல் நடத்திய வேலைநிறுத்தம் உலகத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது, அதன் சான்றுகளைச் சிலர் காத்துவைத்ததால்தான். சிவகாசியின் உழைப்பு அதனினும் சிறிதன்று.

எஞ்சியிருப்பது, பெருநகரமே பாதுகாப்பான இடம் என்னும் வாதம். இதற்கு ஆதிச்சநல்லூரே தக்க பதில். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் அங்கே எடுத்தவை பெர்லின் சென்றன. அலெக்சாண்டர் ரீ நூற்றாண்டுத் திருப்பத்தில் அகழ்ந்தவை சென்னை சென்றன. ஆதிச்சநல்லூர் மக்கள் தம் முன்னோரின் தாழிகளைத் தம் மண்ணிலேயே காட்சியாகக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 2023-இல் கீழடியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டமோ, பொருள் கிடைத்த இடத்திலேயே அதனைக் காண மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்குக் கண்கூடான சான்று. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா 1950 முதல் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் அவர் 1992-இல் மறைந்தபின் சென்னைக்குச் சென்று ஆராய்ச்சி நூலகமாகிக் காப்பாற்றப்பட்டன என்பதை எதிர்த்தரப்பு சுட்டக்கூடும். அந்நூலகத்தின் பணி போற்றத்தக்கதே. ஆனால் அந்த நிகழ்வு கற்பிக்கும் பாடம் வேறு. குப்பை என்று மற்றவர் ஒதுக்கியதைச் செல்வம் என்று கண்டுகொண்ட கண் ஒரு சிற்றூரில் இருந்தது; அக்கண்ணுக்குத் துணைநிற்கும் அமைப்புதான் அச்சிற்றூரில் இல்லை.

இவ்வட்டாரத்துக்கு உள்ளூர்க் காப்பகம் தேவை என்பதற்கு நிர்வாக வரலாறும் ஒரு காரணம். 1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அரசு ஆவணங்கள் மூன்று மாவட்டத் தலைநகரங்களிலும் சென்னையிலும் சிதறிக்கிடக்க, ஒரே ஊரின் கதையை ஆராய்பவர் நான்கு ஊர் அலைய வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு என்னும் பெயர் கேட்டு 1956 ஜூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கி அக்டோபர் 13-இல் உயிர்நீத்த சங்கரலிங்கனாரின் தியாகம் நிகழ்ந்த விருதுநகரில், அந்நாட்களின் துண்டறிக்கைகளும் கடிதங்களும் செய்தித்தாள்களும் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டிருக்க வேண்டாமா? பிறிதோர் ஊரின் எடுத்துக்காட்டும் உண்டு: பாதுகாப்புத் தீக்குச்சிக்குப் பெயர்பெற்ற ஸ்வீடனின் யான்சாப்பிங் நகரம் தன் பழைய ஆலைக் கட்டடத்திலேயே 1948-இல் தீப்பெட்டி அருங்காட்சியகம் அமைத்துவிட்டது. ஸ்வீடன் நிறுவனத்தின் இயந்திரத் தீப்பெட்டியோடு கைத்தொழிலால் போட்டியிட்டு நின்ற சிவகாசி, தன் பெட்டியைத் தானே காத்துவைப்பதில் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்பது அண்மையில் பரவியுள்ள சமாதானம். மின்படி பயன்மிக்கது, ஆனால் மையின் தடிப்பையும் காகிதத்தின் தரத்தையும் வண்ணத்துக்கு வண்ணம் விலகிய அச்சின் பிசகையும் மூலத்தாளே காட்டும், ஆராய்ச்சியின் புதிய கேள்விகளுக்கு மூலமே விடைசொல்லும். படி எடுத்தபின் மூலத்தை எடைக்குப் போடலாம் என்பது, கல்வெட்டைப் படியெடுத்தபின் கல்லை உடைக்கலாம் என்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. விருதுநகரிலும் சிவகாசியிலும் நெடுநாளைய கல்லூரிகள் இருக்கின்றன. அச்சிடவும் அட்டை செய்யவும் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. உறவின்முறைகளும் வணிகர் சங்கங்களும் அச்சகங்களும் தம் பழைய ஏடுகளின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, காப்பையும் ஆய்வையும் மட்டும் ஒரு பொதுக்காப்பகத்திடம் ஒப்படைக்கலாம். அமிலமற்ற அட்டைப் பெட்டிகளும், வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையும், பட்டியலிடும் பயிற்சி பெற்ற சில இளைஞர்களும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். வண்ணம் விரைவில் உலர உதவி அச்சையும் பட்டாசையும் இங்கே வளர்த்த வறண்ட காற்று, காகிதத்தைக் காப்பதற்கும் உதவும். பட்டாசு தொடர்பானவற்றுள் மருந்து எனப்படும் வெடிக்கலவை சிறிதும் இல்லாத வெற்றுக்கூடுகளையும் மேலுறைகளையும் மட்டுமே சேர்ப்பது கட்டாயம். பொருளோடு சொல்லையும் சேர்க்க வேண்டும்: தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று வழங்கும் பேச்சையும், அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள பெயரையும் முதியோரிடம் கேட்டுப் பதிய வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென ஓர் அகராதியையே தொகுத்தார். அவர் உழவின் சொற்களுக்குச் செய்ததை ஆலையின் சொற்களுக்கும் ஒருவர் செய்தாக வேண்டும்.

வரலாறு இல்லாத ஊர் என்று எதுவும் இல்லை. தன் சான்றுகளைக் கைவிட்ட ஊர்தான் உண்டு. 1923-இல் ஒட்டப்பட்ட லேபிள் நூறாண்டைக் கடந்துவிட்டது. இனி ஆண்டுக்கு ஓராண்டாக, அதற்கடுத்த ஆண்டுகளில் அச்சான தாள்களும் சட்டம் தொல்பொருள் என ஏற்கும் வயதை எட்டும். 1930-களின் வரித்தாளும் 1940-களின் பட்டாசு உறையும் 1956-இன் துண்டறிக்கையும் அவ்வயதை எட்டும் நாளில், அவை விருதுநகரிலோ சிவகாசியிலோ ஏதேனும் ஒரு பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். இருக்கின்றனவா இல்லையா என்பது இவ்வாண்டு எடைக்குப் போடாமல் எடுத்துவைக்கப்படும் கட்டுகளைப் பொறுத்தது.